டாக்டர் போனில் சொன்னதை நான் செய்யவில்லை. சட்டப்படி பொறுப்பு யாருடையது?

கேள்வி: இரவுப் பணி நர்ஸ்
ஆக்ஸிடோசின் (பிரசவ வலியைக் கூட்டும் மருந்து) டிரிப் ஓடிக்கொண்டிருந்த ஒரு தாய்க்குப் பத்து நிமிடத்துக்கு ஆறு வலி என்று வரத் தொடங்கியது. ஒவ்வொரு வலி அடங்கும்போதும் குழந்தையின் இதயத்துடிப்பு 90-க்கு இறங்கி, மெதுவாகத்தான் ஏறியது. டாக்டருக்குப் போன் செய்தேன். "டிரிப்பைக் கூட்டுங்க, வந்துடறேன்" என்றார். நான் கூட்டவில்லை. நிறுத்திவிட்டு, தாயை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, மறுபடி போன் செய்து சொன்னேன். தாயும் சேயும் நலம்.

இப்போது, "ஆர்டரை மீற நீ யார்? சொன்னதைச் செய்திருந்தால் பொறுப்பு அவருடையது" என்கிறார்கள். நோட்ஸையும் கொஞ்சம் மாற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில் 1: வார்டு நர்ஸ்
நல்லபடியாகப் பிரசவம் ஆகிவிட்டதே தங்கச்சி. எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மேலே இருப்பவர்களைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

பதில் 2: ஓய்வுபெற்ற லேபர் வார்டு இன்சார்ஜ்
மேலே சொன்னதைக் கேட்காதேம்மா. ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

டாக்டர் சொன்னார், செய்தேன் என்பது நம்மை முழுதாகக் காப்பாற்றாது. ஆர்டர் போட்டவருக்கு ஒரு பொறுப்பு, மருந்தை ஏற்றியவளுக்குத் தனியாக ஒரு பொறுப்பு. வழக்கு என்று வந்தால் இதே பயிற்சியுள்ள கவனமான ஒரு நர்ஸ் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பாள் என்றுதான் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் 1957-ல் ஒரு மருத்துவ அலட்சிய வழக்கில் வந்த போலம் தீர்ப்பு தொடங்கிப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏறக்குறைய இந்த அளவுகோலைத்தான் பிடித்திருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஐந்து வலிக்கு மேல் போய், துடிப்பும் இறங்கினால் டிரிப்பை நிறுத்த வேண்டும் என்று படிக்கிற காலத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நீ கூட்டியிருந்து குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், "தெரிந்தே ஏன் கூட்டினாய்?" என்ற கேள்வி உன்னிடம்தான் வந்திருக்கும்.

ஆனால் மறுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். நீ திரும்பப் போன் செய்தது உனக்குப் பெரிய பலம்.

நோட்ஸை மாற்றுவது வேறு விஷயம். சிகிச்சையில் குறையே இல்லாவிட்டாலும், திருத்திய பதிவு ஒன்று போதும், உன் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். குழந்தையின் துடிப்பையும் வலியையும் பதியும் சி.டி.ஜி. தாளில் நேரம் அச்சாகியிருக்கும். போனில் அழைப்பு நேரம் இருக்கும். நீ மாற்றி எழுதுவது இரண்டோடும் மோதும்.

இரவுப் பணி நர்ஸ்
நன்றி அக்கா. இரண்டாவது போன் செய்த நேரத்தை மட்டும் அன்று எழுத விட்டுப்போயிற்று. இப்போது சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற லேபர் வார்டு இன்சார்ஜ்
சேர்க்கலாம், ஆனால் பழைய வரிக்குள் நுழைக்காதே. கடைசிப் பதிவுக்குக் கீழே, இன்றைய தேதியும் நேரமும் போட்டு, 'தாமதப் பதிவு' என்று எழுதி, அன்று இத்தனை மணிக்குப் பேசினேன், இதைச் சொன்னேன், அவர் இதைச் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. யார்மேலும் குறை சொல்லும் வார்த்தை வேண்டாம். மாற்றச் சொல்பவர்களிடம், எழுத்தில் கேளுங்கள் என்று பணிவாகச் சொல். உன் சங்கத்திலோ ஒரு வக்கீலிடமோ இந்த வாரமே பேசிவிடு.