தாத்தாவின் .315 ரைபிளும் தேங்காயெண்ணெயும்

குன்னூரில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்காகத் தாத்தா லைசென்ஸ் எடுத்து வாங்கிய .315 ரைபிள் இது. வங்காளத்தில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. பட்டாளத்தின் .303 லீ-என்ஃபீல்ட் ரைபிளுக்கு இருக்கும் அதே போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உருளை) அமைப்புதான். ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தார்கள்.

அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு மாறியதும் முதன்முறையாகச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். விசையை இழுத்தால் மந்தமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். குழலைத் திருப்பாமல் ஒரு நிமிடம் காத்திருந்து தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். அடியில் லேசான பள்ளம் மட்டும் விழுந்திருந்தது; ஊசி வேகமாகக் குத்தவில்லை. "இத்தனை வருஷம் அமுங்கியே கிடந்திருக்கும், ஊசியைத் தள்ளுற ஸ்பிரிங் செத்துப்போச்சு" என்றார்கள் கூட இருந்தவர்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஸ்ட்ரைக்கரை, அதாவது அந்த ஊசியை, கழற்றத் தனிக் கருவி வேண்டும். அதனால் லைசென்ஸ் உள்ள பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். போல்டுக்குள் ஸ்பிரிங்கைச் சுற்றிப் பழுப்பாக ஒரு பிசின். தேங்காயெண்ணெய்! ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா பக்தியோடு ஊற்றியது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், குன்னூர்க் குளிரைச் சொல்லவே வேண்டாம். நாளாக ஆக, தூசியும் அழுக்கும் சேர்ந்து பிசினாகவும் ஆகிவிடும். மெக்கானிக் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, ஒரு புது ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் அதை வைத்துக் காட்டினார். நீளத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமே இல்லை. இன்றும் அதே ஸ்பிரிங்தான் வேலை செய்கிறது.

நல்ல எஃகுச் சுருள் தன் எல்லைக்குள் அமுங்கிக் கிடப்பதால் அவ்வளவு சீக்கிரம் தளராது. துருதான் அதற்கு எமன். துரு அரித்த சிறு குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஆனாலும் நான் ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் வைக்கிறேன். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகு, விசையை அழுத்திப் பிடித்தபடி போல்டை மூடுவேன். இந்த வகை ரைபிளில் போல்டை மூடும்போதுதான் ஸ்பிரிங் ஏறும், அதாவது அமுங்கி நிற்கும் என்பதால், அப்படி மூடினால் ஏறவே ஏறாது.

தோல் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூடுபனிக் காலத்தில் அது ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கிறது. இப்போது பூட்டிய இரும்பு அலமாரியும் சிலிக்கா ஜெல்லும்தான். ஜெல்லின் நீல மணிகள் ஈரம் இழுத்து இளஞ்சிவப்பானால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி வைப்பேன். போல்டுக்குள் மெல்லிய துப்பாக்கி எண்ணெய், துணியில் ஒற்றி எடுக்கிற அளவு, போதும்.

டொரொன்டோவிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, என்னிடம் இருப்பது 1943இல் இங்கே லாங் பிராஞ்சில் செய்த நம்பர் 4 லீ-என்ஃபீல்ட். நான் போல்டைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைக்கிறேன். வெளியே எடுத்த லீ-என்ஃபீல்ட் போல்டில் ஸ்பிரிங் தளர்ந்துதான் இருக்கும். ஜெர்மன் ரைபிளான மவுசர் 98 அப்படி இல்லை, போல்டைத் திறக்கும்போதே ஸ்பிரிங் ஏறிவிடும். என் நண்பர் தன்னுடைய மவுசர் போல்டைக் கழற்றி வைத்து, ஸ்பிரிங் ஓய்வில் இருக்கிறது என்றே வருடக்கணக்கில் நினைத்திருந்தார்.

இங்கே எனக்குத் தொல்லை பனிக்காலம்தான். வெளிக் குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இரும்பெல்லாம் வியர்த்துவிடும். ஒருமுறை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். மேகசின் ஸ்பிரிங்கின் மடிப்புகளில் செம்பொட்டுகள் வந்துவிட்டன. இப்போது உறையோடு சில மணி நேரம் வைத்து, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறந்து துடைப்பேன்.

குன்னூரிலிருந்து மீண்டும்:

மேகசினை நான் கவனிக்கவே இல்லை, தம்பி. இன்று கழற்றிப் பார்த்தேன். அதன் அடியிலும் தேங்காயெண்ணெய்ப் பிசின் ஒட்டியிருக்கிறது.