காசபிளாங்கா: சேராத காதல் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

திரைவாசி:
1942-இல் வந்த காசபிளாங்கா என்ற ஹாலிவுட் படத்தில் ரிக்கும் இல்சாவும் சந்தோஷமாக இருப்பது பாரிஸ் நினைவுக் காட்சியில் மட்டும்தான். 102 நிமிடப் படத்தில் அது கொஞ்ச நேரம். பிறகும் அந்தக் காதல் ஏன் இப்படிப் பிடித்து உலுக்குகிறது? முடிவை எழுதாமலே படப்பிடிப்பைத் தொடங்கினார்கள் என்கிறார்களே, உண்மையா? மறுபடி பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

பழையரீல்:
ஊரைவிட்டு வெளியேற அனுமதிக்கும் இரண்டு பயணக் கடிதங்கள், மூன்று பேர்: ரிக், அவன் பழைய காதலி இல்சா, அவள் கணவன் லாஸ்லோ. படத்தின் முடிச்சு அவ்வளவுதான். அப்படியொரு கடிதம் நிஜத்தில் கிடையாது, கதைக்காக உண்டாக்கியது. ஆனால் 'யாரைக் காதலிக்கிறாய்' என்ற கேள்வியை அது 'யார் விமானம் ஏறுவது' என்று மாற்றிவிடுகிறது. அதன்பின் யாரும் வெறும் காதல் வசனம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

கவனிக்க வேண்டியது ரிக்கின் மதுவிடுதியில் நடக்கும் ரூலெட் சூதாட்டக் காட்சி. பல்கேரியப் பெண் அன்னினா, கணவனின் நன்மைக்காகத் தவறு செய்து அதை அவனிடம் மறைத்தால் மன்னிப்பானா என்று ரிக்கிடம் கேட்கிறாள். அவளுக்குத் தெரியாமலே, இல்சா காரணத்தை மறைத்துப் பிரிந்துபோன ரிக்கின் பழைய காயத்தைத் தொட்டுவிடுகிறாள். ரிக் முகம் கொடுக்காமல் எழுந்து போய், அவள் கணவனை 22-இல் பணம் வைக்கச் சொல்கிறான். இரண்டு முறை 22 விழுகிறது. கடைசியில் விமான நிலையத்தில் இல்சாவைக் கணவனோடு அனுப்பிவைக்கப்போவதன் சின்ன ஒத்திகை இது. இதைத் தவறவிட்டால் அவன் தியாகம் திடீரென்று வந்ததுபோல் தோன்றும்.

ஒளிநிழல்:
முடிவு பற்றி: திரைக்கதை முழுதாகத் தயாராகும் முன்பே படப்பிடிப்பு தொடங்கியது உண்மை. அதனால் பெரும்பாலும் கதை வரிசையிலேயே எடுத்தார்கள். ஆனால் எந்த முடிவும் சாத்தியம் என்ற நிலை இல்லை. கணவனை விட்டுக் காதலனோடு போவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி எளிதில் விட்டிருக்காது. இல்சாவைக் கணவனோடு எப்படி அனுப்புவது, பார்ப்பவர் எப்படி ஏற்பார் என்பதில்தான் எழுத்தாளர்கள் திணறினார்கள்.

யாரைக் காதலிப்பதாக நடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு இருவருக்கும் நடுவில் நடி என்று பதில் வந்ததாக இல்சாவாக நடித்த இங்கிரிட் பெர்க்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். குறை என்று நினைத்தது வரமானது. இல்சா ஒருவரைப் பார்க்கும்போது மற்றவரும் அவள் கண்ணில் இருக்கிறார். ஆர்தர் எடிசனின் ஒளிப்பதிவில் அவள் முகத்துக்கு மட்டும் மென்மையான வெளிச்சம், கண்ணில் ஒரு பொட்டு ஒளி. ஒலியை நிறுத்திவிட்டு அந்த நெருக்கக் காட்சிகளை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

திரைவாசி:
பிரெஞ்சு தேசிய கீதமான மார்செயேஸைப் பாடும் இடம்? காதலுக்குச் சம்பந்தமில்லாத காட்சி, ஆனால் அங்கேதான் தொண்டை அடைக்கிறது.

பழையரீல்:
சம்பந்தம் இருக்கிறது. ஜெர்மன் அதிகாரிகள் பாடிக்கொண்டிருக்க, லாஸ்லோ வாத்தியக்காரர்களிடம் மார்செயேஸ் வாசிக்கச் சொல்கிறார். அவர்கள் ரிக்கைப் பார்க்கிறார்கள், அவன் தலையசைக்கிறான். பாட்டின் நடுவே கேமரா இல்சாவிடம் போகிறது. தன் கணவன் எப்படிப்பட்டவன் என்று அவள் முகம் நமக்குச் சொல்கிறது. லாஸ்லோ அற்பமானவனாக இருந்திருந்தால் முடிவு வலிக்காது.

கண்ணீரோடு பாடும் மடலீன் லெபோ 1940-இல் பாரிஸிலிருந்து தப்பியவர். நாஜி அதிகாரியாக வரும் கான்ராட் வெய்ட்டே நாஜிகளால் ஜெர்மனியை விட்டுப் போனவர்தான். பெயர் போட்ட 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூவர் மட்டுமே. அந்தக் கூட்டத்தில் நடிப்பு எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம்.

சுருதிப்பெட்டி:
இசையை விட்டுவிட்டீர்களே! ரிக்கின் விடுதியில் பியானோ வாசிக்கும் சாம் பாடும் காதல் பாட்டு, 'As Time Goes By', 1931-இலேயே வந்தது. இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனர் அதை மாற்ற விரும்பினார். பெர்க்மன் அடுத்த படத்துக்காக முடியை வெட்டிவிட்டதால் அந்தப் பாட்டு வரும் காட்சிகளை மறுபடி எடுக்க வழியில்லை. எனவே ஸ்டைனர் அதே மெட்டையே பின்னணி முழுக்க இழைத்தார். சாமாகப் பியானோ முன் உட்கார்ந்திருக்கும் டூலி வில்சன் உண்மையில் டிரம்ஸ் வாசிப்பவர். குரல் அவருடையது, பியானோ வேறொருவருடையது. படத்தின் தொடக்கத்திலும் மார்செயேஸ் வரும், படத்தின் முடிவிலும் அதுதான். நடுவில் இந்தக் காதல் மெட்டு எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.