எமுலேட்டருக்குத் தமிழ்: ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கைப்பேசிச் செயலிகளை மேசைக்கணினியில் ஓட்ட உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறோம். ஞாயிறு இரவு கோப்பைப் பூட்டிவிடுவார்கள். மற்ற சரங்கள் (திரையில் தோன்றும் சிறு சொற்றொடர்கள்) அநேகமாக முடிந்துவிட்டன. ஒரு கருவியை இன்னொரு கருவிக்குள் போலச்செய்து இயக்கும் மென்பொருளைக் குறிக்கும் எமுலேட்டர் என்ற ஒரே சொல்தான் இழுக்கிறது. பழைய பதிப்பில் ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறார்கள்: ஓரிடத்தில் போலி, இன்னோரிடத்தில் போன்மி, உதவிப் பக்கத்தில் முன்மாதிரி.

சொல் பொத்தானுக்குள் அடங்க வேண்டும். 'கள்' சேர்ந்தாலும் 'ஐ' சேர்ந்தாலும் உடையக் கூடாது. சிமுலேட்டர் என்று தனியாக ஒரு சரமும் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட முடியாது.

— மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்

*

> ஓரிடத்தில் போலி

இதை இன்றே எடுத்துவிடுங்கள். போலிச் செயலி என்றால் பணம் பறிக்கும் செயலி என்றுதான் மக்கள் படிக்கிறார்கள். 'போலி தொடங்குகிறது' என்று திரையில் வந்தால் யார் தொடர்வார்கள்? முன்மாதிரியும் ஆகாது. அது ஒன்றைச் செய்வதற்கு முன் செய்து பார்ப்பது. இங்கே கைப்பேசி ஏற்கெனவே இருக்கிறது.

சிமுலேட்டர் வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொண்டால் சொல் தானே வரும் என்று நினைக்கிறேன். செயலி எழுதுவோருக்கு ஆப்பிள் தரும் எக்ஸ்கோடு மென்பொருளில் வருவது சிமுலேட்டர். அதில் செயலியை மேக் கணினிக்கு ஏற்ற ஆணைகளாகவே தொகுத்து ஓட்டுகிறார்கள். திரை ஐபோன் மாதிரி இருக்கும், உள்ளே ஐபோனின் வன்பொருள் எதுவும் போலச்செய்யப்படுவதில்லை. ஆண்ட்ராய்டுச் செயலிகளை எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் வருவது எமுலேட்டர். கியூஎமு என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. அது ஒரு முழுக் கைப்பேசியையே கணினிக்குள் நிறுத்துகிறது: நினைவகம், உணரிகள், மின்கல அளவு எல்லாம் உண்டு. அதற்குள் ஓடும் ஆண்ட்ராய்டுக்குத் தான் கணினியில் இருப்பது தெரிய வேண்டியதில்லை.

ஆர்ம் வகைச் சில்லுக்கு எழுதிய ஆணைகளை எக்ஸ்86 என்ற வேறு வகைச் சில்லுள்ள கணினியில் ஓட்டும்போது ஒவ்வொன்றையும் பெயர்த்துக் கொடுக்க வேண்டும், அதனால்தான் மெதுவாகிறது. கணினியும் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டும் ஒரே வகை என்றால் பெயர்ப்பே வேண்டாம், ஆணைகளைக் கணினியின் சில்லிலேயே நேரடியாக ஓடவிடும் மெய்நிகராக்க வசதி போதும். 'பயாஸில் மெய்நிகராக்கத்தை இயக்குங்கள்' என்ற சரம் அதற்காகத்தான் (பயாஸ் என்பது கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்). அந்தச் சொல்லில் யாருக்கும் சண்டை இல்லை என்று நம்புகிறேன்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 'செயலியின் ஆணைகளைச் செயலிக்கு ஏற்பப் பெயர்க்கிறது' என்று உதவிப் பக்கத்தில் இருக்கிறது. முதல் செயலி ஆப், இரண்டாவது செயலி சில்லு! இதைத் தீர்க்காமல் எமுலேட்டரைத் தீர்த்துப் பயனில்லை.

— நிரலாளர்

*

ஐயா, சில்லுக்கு நுண்செயலி என்று போட்டுவிடுங்கள், அது முடிந்தது.

சிமுலேட்டருக்குப் பாவனை என்று யாராவது சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. இலங்கை வழக்கில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். 'பாவனையைத் தொடங்கு' என்பதை எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி விளங்கிக்கொள்வார்கள்.

— பிழைதிருத்துபவர்

*

அன்பர்களே,

நிரலாளர் சொன்ன வேறுபாட்டைப் படித்ததும் எனக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல்தான் நினைவுக்கு வந்தது. 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்.' செயலால் ஒப்பது ஒன்று, தோற்றத்தால் ஒப்பது வேறொன்று. தொல்காப்பியர் ஒரே மூச்சில் முப்பத்தாறு உவம உருபுகளை, அதாவது ஒப்பைக் காட்டும் சொற்களைச் சொல்லிவிட்டு, எவை எந்த வகைக்கு உரியவை என்றும் பிரிக்கிறார். அன்ன, ஆங்க, மான, விறப்ப, என்ன, உறழ, தகைய, நோக்க ஆகிய எட்டும் செயலால் ஒப்பிடும் வினையுவமத்துக்கு. 'போல' அந்த எட்டில் இல்லை, தோற்றத்தால் ஒப்பிடும் உருவுவமத்தில் நிற்கிறது!

ஆகவே 'போல'வோடு ஒரே வேரில் பிறந்த போன்மி எமுலேட்டருக்குப் பொருந்தாது. தோற்றத்தில் மட்டும் ஐபோனாக இருக்கும் சிமுலேட்டருக்கு வேண்டுமானால் அதைக் கொடுங்கள். செயலால் ஒப்பதற்கு வினையுவமச் சொல் வேண்டும். 'மான'விலிருந்து மானி வரும், ஆனால் வெப்பமானி போன்றவற்றில் அது அளவைக் கருவியாகிவிட்டது. எஞ்சுவதில் சிறந்தது 'உறழ'. எனவே உறழி.

உறழ்தல் என்றால் ஒத்தல் மட்டுமில்லை, எதிர்நின்று போட்டியிடுதலும்கூட. எமுலேட்டரின் இலத்தீன் வேரும் போட்டியாளன் என்ற பொருளுடையதே. வரலாறும் அப்படித்தான். ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360ஐ அறிவித்தபோது, பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை மாற்றாமல் ஓட்டும் வசதியைச் சேர்த்தார்கள். புதிய கணினி அவற்றைப் பழையதைவிட விரைவாக ஓட்டியது. போலச்செய்து மிஞ்சியது, அதாவது உறழ்ந்தது.

எழுத்திலக்கணத்திலும் பாருங்கள். 'கல் குறிது' என்றும் வரும், 'கற்குறிது' என்றும் வரும். இந்த இருமைக்குப் பெயர் உறழ்ச்சி. ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நிற்கலாம், பொருள் மாறாது. கைப்பேசி நிற்க வேண்டிய இடத்தில் கணினி நின்றும் செயலிக்கு வேறுபாடு தெரியாமலிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

— தமிழாசிரியர்

*

ஐயா, படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. போன்மி இப்போது மீமுக்கு வழங்குகிறது, அந்த வகையிலும் அது இங்கே வேண்டாம். ஆனால் உறழியை வகுப்பில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். மாணவர்களில் பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்கிறார்கள். உறழ் என்ற வேர் பேச்சில் எங்குமே இல்லை. சொல்லைப் பார்த்ததும் பாதியாவது ஊகிக்க முடிய வேண்டாமா?

நான் கேட்பது, எமுலேட்டர் என்றே ஏன் விடக் கூடாது? எகரம் மொழிமுதலில் வரும், ரகர ஒற்று ஈற்றில் வரும், கிரந்த எழுத்து ஒன்றும் இல்லை. இலக்கணப்படி குறை சொல்ல ஏதுமில்லை. கூடாது என்றால் ஒத்தியங்கி என்று வைக்கலாம். தானியங்கி எல்லாருக்கும் தெரியும். அது தானாக இயங்குவது, இது இன்னொன்றை ஒத்து இயங்குவது.

— கணினி ஆசிரியர்

*

அம்மா, ஊகிக்க முடிவதை மட்டும் அளவுகோலாக வைத்தால் மொழியில் புதுவேர் எதுவும் ஊன்றாது. உலாவி என்ற சொல் வந்தபோது அதைப் பார்த்து யாரும் வலைப்பக்கத்தை ஊகித்திருக்க முடியாது. பழகியதால் புரிகிறது. ழகரம் வராத மாணவருக்காக ழகரச் சொல்லையே விட்டால், அந்த எழுத்தைப் பயில அவருக்கு இடம் எங்கே?

எமுலேட்டர் என்று அப்படியே எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். ஒலி இடம்கொடுக்கலாம். அதிலிருந்து வினை கிளைக்குமா? உறழ்கிறது, உறழ்ந்தது, உறழ்வு என்று உறழி கிளைக்கும். எமுலேட்டரை வைத்துக்கொண்டு 'எமுலேட் செய்கிறது' என்றுதான் எழுத முடியும்.

— தமிழாசிரியர்

*

வினை கிளைக்க வேண்டும் என்பது சரியான வாதம். அதே சோதனையில் ஒத்தியங்கியும் தேறுகிறது: ஒத்தியங்குகிறது, ஒத்தியக்கம்.

ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் 1993இல் தொடங்கியது. 'வைன் எமுலேட்டர் அல்ல' என்பதுதான் அதன் பெயரின் விரிவே. அது கணினி எதையும் போலச்செய்வதில்லை, விண்டோஸ் கேட்கும் அழைப்புகளை லினக்ஸுக்கு ஏற்றபடி நிறைவேற்றுகிறது. ஒத்தியங்கி என்ற சொல்லைக் கேட்டால் இந்த வகைதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. நாளைக்கு வைனைத் தமிழாக்கும்போது 'வைன் ஒத்தியங்கி அல்ல' என்று எழுதினால் குழப்பம் வரும்.

ஒப்பியக்கி என்று யாராவது யோசித்தால் அதுவும் வேண்டாம். வரைகலை இயக்கி (டிரைவர்) இல்லை என்று பிழைச்செய்தி வரும் அதே திரையில் இன்னொரு இயக்கி நுழைந்துவிடும்.

— நிரலாளர்

*

அன்பர்களுக்கு,

சனி இரவாகிவிட்டது. மடல்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒத்தியங்கிக்கு ஐந்து பேர், உறழிக்கு இரண்டு பேர், எமுலேட்டரே போதும் என்று ஒருவர். நிரலாளர் ஒத்தியங்கிக்கு வாக்களித்துவிட்டு, வைன் பற்றிய தயக்கத்தைப் பதிந்துகொள்ளச் சொன்னார். பதிந்துவிட்டேன்.

கோப்பில் ஒத்தியங்கி என்று மாற்றிவிட்டேன், பொத்தானில் அடங்குகிறது. முதல் திரையில் மட்டும் 'ஒத்தியங்கி என்பது எமுலேட்டர்' என்று ஒரு விளக்க வரி சேர்த்திருக்கிறேன். 'செயலியின் ஆணைகளை நுண்செயலிக்கு ஏற்பப் பெயர்க்கிறது' என்ற வரியும் சரியாகிவிட்டது. சிமுலேட்டர் சரத்துக்கு உடன்பாடு வரவில்லை, இந்தப் பதிப்பில் அதை ஒலிபெயர்ப்பாகவே விடுகிறேன்.

— ஒருங்கிணைப்பாளர்

*

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஒத்தியங்கி பிழையான சொல் இல்லை. ஆனால் 'ஒத்து' என்பதில் இணக்கம்தான் இருக்கிறது, ஈடுகொடுத்து நிற்பது இல்லை. என் கட்டுரைகளில் உறழி என்றே எழுதி வருவேன். அடுத்த பதிப்புக்குக் கோப்பைத் திறக்கும்போது இந்த இழையையும் திறக்கக் கேட்டுக்கொள்கிறேன். சிமுலேட்டருக்கு உருவுவமச் சொற்களைத் தனியே தொகுத்துக்கொண்டிருக்கிறேன், 'நேர', 'ஒப்ப' இரண்டிலும் வழி இருக்கிறது.

— தமிழாசிரியர்