பெயர் தெரியாத வீட்டுத் தக்காளி விதை: எதை எழுதி வைப்பது, என்ன பெயர் வைப்பது?

பாட்டி, பெரியம்மா கைமாறி வந்த விதைக்குப் பெயர் யோசிக்கும் முன் ஒரு எண் கொடுத்துவிடுங்கள். 2024-03 என்றால் 2024-இல் சேர்த்த மூன்றாவது விதை. யார் கொடுத்தது, எந்த ஊர், பழம் எடுத்த மாதம் இவற்றைப் பொட்டலத்தின் மேலும், பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டாக உள்ளேயும் வையுங்கள். டப்பா மூடியில் மட்டும் எழுதினால், மூடி மாறும்போது ரகமும் மாறிவிடும்.

பதிவை நாற்றிலேயே தொடங்கலாம். இலை ஓரம் வெட்டு வெட்டாக இருக்கிறதா, உருளைக்கிழங்கு இலை மாதிரி மழமழவென்று இருக்கிறதா பாருங்கள். உருளை இலை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அந்த ரகத்தின் விதையிலிருந்து வெட்டு இலை நாற்று வந்தால், ஒன்று வேறு ரக மகரந்தம் சேர்ந்த கலப்பு, இல்லையென்றால் வேறு விதை கலந்திருக்கிறது. எப்படியும் பிடுங்க வேண்டியதுதான். வெட்டு இலை ரகங்களில் இந்த வசதி கிடையாது.

*

மேலே சொன்னதோடு: காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள் உண்டா என்பதைக் காயாக இருக்கும்போதே எழுதுங்கள், பழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். பழத்தில் எடை, குறுக்கே வெட்டினால் எத்தனை அறை, பிறகு தோல். பலர் தோலை விட்டுவிடுகிறார்கள். ஒரு துண்டு உரித்து, சதை ஒட்டாமல் வழித்து, வெள்ளைத் தட்டில் வையுங்கள். சிவப்புச் சதைமேல் மஞ்சள் தோல் என்றால் பழம் சிவப்பு. நிறமில்லாத தோல் என்றால் ரோஸ். செரோகி பர்ப்பிள் என்ற அமெரிக்கத் தக்காளி ரகத்துக்கும் அதிலிருந்து பிரிந்த செரோகி சாக்லேட்டுக்கும் முக்கிய வித்தியாசமே இந்தத் தோல்தான்.

*

செரோகி பர்ப்பிளே பெயரில்லாமல் வந்த விதைதான். 1990-இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து தபாலில் வந்ததை வட கரோலினாவில் தக்காளி ஆர்வலர் கிரெய்க் லெஹூலியர் வளர்த்துப் பார்த்தார். செரோகி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது என்று கடிதத்தில் இருந்த தகவலையும் பழத்தின் நிறத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தார். பெயருக்குள்ளேயே வந்த வழி இருக்கிறது. நாமும் கொடுத்தவர் அல்லது ஊர், கூடவே ஒரு பண்பு என்று வைக்கலாம். வெறும் 'நாட்டுத் தக்காளி' பெயரே ஆகாது.

கொடுத்தவர் ஏற்கெனவே ஒரு பெயர் சொல்லியிருந்தால் மாற்றாதீர்கள். பார்க்க பிராண்டிவைன் என்ற ரகம் மாதிரி இருந்தாலும் 'பிராண்டிவைன் போன்றது' என்று குறிப்பில் எழுதுவதோடு சரி. மார்ட்கேஜ் லிஃப்டர் என்ற ஒரே ரகப் பெயரில் ரேடியேட்டர் சார்லி, ஹாலடே, எஸ்ட்லர் என்று ஆட்கள் பெயரில் தனித்தனி விதை வழிகள் உலவுகின்றன. யாருடையது என்ற முன்னொட்டு இல்லாவிட்டால் கையில் இருப்பது எது என்று சொல்ல முடியாது.

*

முதல் பருவத்திலேயே பெயர் வைக்க வேண்டாம். கலப்பு விதையாக இருந்தால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி அழகாகத்தான் நிற்கும். அவற்றின் விதையைப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். அதனால் அடுத்த பருவமும் ஆறு முதல் பத்துச் செடி வைத்து ஒப்பிடுங்கள்.

வேறு ரக மகரந்தம் சேராமல் இருக்க, விதைக்கான பூங்கொத்தை மொட்டிலேயே வலைப்பையால் மூடுங்கள் (கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அதே பை போதும்). காலையில் லேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிரும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் கலர் நூல் கட்டுங்கள். நூல் இல்லாத பழம் குழம்புக்குப் போகலாம், பொட்டலத்துக்குப் போகக் கூடாது. கோடை உச்சத்தில் பைக்குள் பூ கொட்டிவிடும், அப்போது முயல வேண்டாம்.