கேமலில் மூன்று க்யூக்களுக்கு ஒரே பொது ரூட்: செய்திகள் தொலைவது ஏன்?

கேள்வி

ஆர்டர், ரத்து, கட்டணம் என மூன்று ஆக்டிவ்எம்க்யூ (செய்திகளை வரிசையில் வைத்துத் தரும் மென்பொருள்) க்யூக்களிலிருந்து செய்திகளை எடுத்து, ஒரே விதமாகச் சரிபார்த்து டேட்டாபேஸில் எழுத வேண்டும். செய்திகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ரூட் (செய்தி செல்லும் வழி) அமைத்து அனுப்பும் அப்பாச்சி கேமல் 2-இல், ஒரே ஃப்ரம்-க்குள் (ரூட்டின் உள்ளீட்டு முகவரி) மூன்று முகவரிகளையும் கொடுத்திருந்தேன். கேமல் 3-க்கு மாறியதும் அது கம்பைல் ஆகவில்லை. ஆகவே மூன்று சிறிய ரூட்களை எழுதி, மூன்றையும் ஒரு சீடா முகவரிக்கு அனுப்பி, அங்கிருந்து பொது ரூட் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். நேற்று ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில் சர்வர் திடீரென நின்றுவிட்டது. மீண்டும் இயக்கிப் பார்த்தபோது 212 செய்திகள் க்யூவிலும் இல்லை, டேட்டாபேஸிலும் இல்லை. வேலை முடிந்தால் மட்டுமே செய்தியை க்யூவிலிருந்து நீக்கச் சொல்லும் டிரான்சாக்டட் என்பதை ட்ரூ என்றே வைத்திருந்தும் இப்படி நடந்தது ஏன்?

மறுமொழி 1

ஒரு ரூட்டுக்கு ஓர் உள்ளீடு மட்டுமே என்பது கேமல் 3-இன் விதி. எனவே மூன்று ரூட்களாகப் பிரித்தது சரியே. தவறு சீடாவில் இருக்கிறது. சீடா என்பது நினைவகத்தில் மட்டும் இருக்கும் க்யூ. உங்கள் சிறிய ரூட் செய்தியைச் சீடாவில் போட்ட நொடியிலேயே தன் வேலை முடிந்ததாகக் கருதி டிரான்சாக்‌ஷனை கமிட் செய்துவிடுகிறது (முடிந்ததாக உறுதிசெய்துவிடுகிறது). ஆக்டிவ்எம்க்யூவும் அந்தச் செய்தியை அழித்துவிடுகிறது. அதன் பிறகு வேறொரு த்ரெட் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) அதை எடுப்பதற்குள் சர்வர் நின்றால், அந்தச் செய்தி எங்கும் மிஞ்சாது. சீடாவுக்குப் பதிலாக டைரக்ட் என்று மாற்றுங்கள். டைரக்ட் அதே த்ரெட்டிலேயே பொது ரூட்டை ஓட்டுவதால், டேட்டாபேஸில் எழுதி முடியும்வரை கமிட் நடக்காது.

மறுமொழி 2

க்யூக்களின் பெயர்கள் ஒரே முன்னொட்டில் தொடங்கினால், ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக்கின் வைல்ட்கார்டை (பல பெயர்களுக்கும் பொருந்தும் குறியை) பயன்படுத்தி ஒரே ரூட்டில் முடித்துவிடலாமே? எந்தக் க்யூவிலிருந்து வந்தது என்பதை செய்தியோடு வரும் ஜேஎம்எஸ்டெஸ்டினேஷன் ஹெடர் சொல்லிவிடும்.

மறுமொழி 1

முடியும், ஆனால் இந்த வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரத்துச் செய்திகள் எண்ணிக்கையில் குறைவு, அவசரத்தில் அதிகம். வைல்ட்கார்டில் கன்கரன்ட் கன்ஸ்யூமர்ஸ் (ஒரே நேரத்தில் செய்தி எடுப்பவை) எண்ணிக்கையைக் க்யூவுக்குக் க்யூ தனியாக வைக்க வழியில்லை. தனி ரூட்கள் இருந்தால் ஆர்டருக்கு 5, ரத்துக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்றை மட்டும் நிறுத்தவும் செய்யலாம். ப்ரீஃபெட்சையும் (ஒரு கன்ஸ்யூமருக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கும் செய்திகளின் அளவு) கவனியுங்கள். கிளாசிக்கில் க்யூ கன்ஸ்யூமருக்கு இயல்பான அளவு 1000 என்பதால், ஒரு கன்ஸ்யூமர் பெரும் குவியலைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ள, மற்றவை சும்மா இருக்க நேரும். ஒவ்வொரு செய்திக்கும் வேலை அதிகமென்றால் அதைக் கணிசமாகக் குறைப்பது நல்லது.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்கிறேன். டைரக்ட் வைத்தாலும், டேட்டாபேஸில் எழுதிய பின் ஜேஎம்எஸ் (செய்திகளை எடுக்கும் ஜாவா முறை) கமிட்டுக்கு முன் சர்வர் நின்றால் அதே செய்தி மறுபடி வரும். ஆகவே ஆர்டர் எண் போன்ற ஒரு திறவுகோலைப் பார்த்து, ஏற்கெனவே பதிவானதைத் தவிர்க்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். தொடர்ந்து தோல்வியுறும் செய்தி, இயல்பு அமைப்பில் 6 மறுமுயற்சிகளுக்குப் பின் மூன்று க்யூக்களுக்கும் பொதுவான ஒரே டெட் லெட்டர் க்யூவுக்கு (தோல்வியுற்ற செய்திகளை ஒதுக்கி வைக்கும் க்யூ) போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அமைத்துவிட்டால் தேடும் வேலை மிச்சம்.

கேள்வி கேட்டவர்

டைரக்டுக்கு மாற்றினேன். 500 செய்திகளைப் போட்டுவிட்டு, பாதியில் ப்ராசஸை வலுக்கட்டாயமாக நிறுத்திப் பார்த்தேன். மறுபடி இயக்கியதும் 500-ம் டேட்டாபேஸில் வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் இருமுறை வந்தது, ஆர்டர் எண் சோதனை அதைத் தடுத்துவிட்டது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.