வானில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றும் டேங்கர் விமானங்களுக்குக் கணக்குப் போட்டவர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

வால்காற்று:
பிளாக் பக் என்ற பிரிட்டிஷ் விமானப்படைத் தாக்குதல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், 1982, அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்து, வல்கன் என்ற ஒரே ஒரு குண்டுவீச்சு விமானம் குண்டு போட்டுத் திரும்ப 11 விக்டர் டேங்கர்கள். ஒவ்வொரு விக்டருக்கும் எக்செலில் ஒரு வரிசை: கொடுத்தது, தான் எரித்தது, வீடு திரும்ப மிச்சம். திட்டப்படி எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் நடந்ததை அப்படியே உள்ளே கொடுத்தேன். புயலில் ஒரு விக்டரின் ப்ரோப் (எரிபொருள் வாங்க மூக்கில் நீட்டியிருக்கும் குழாய்) உடைய, அதற்கு ஊற்றிக்கொண்டிருந்த பாப் டக்ஸ்ஃபோர்டின் விக்டர் எரிபொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு தானே தெற்கே போய் குண்டு போடுமுன் வல்கனுக்குக் கடைசியாகக் கொடுத்தது. அந்த வரிசையின் கடைசிக் கட்டம் மைனஸ். அந்தக் கட்டத்துக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். வல்கன் குண்டு போட்ட செய்தி வரும்வரை ரேடியோவில் உதவிகூடக் கேட்கவில்லை, பிறகுதான் இன்னொரு டேங்கர் வந்தது.

சரக்குப்பெட்டி:
எனக்குச் சரக்குப் பக்கம். டேங்கரே வானில் எரிபொருள் வாங்கினால்? சரக்கும் ஏற்றும் அமெரிக்க டேங்கரான கேசி-10 மாதிரி ஒன்றுக்குக் கணக்குப் போட்டோம்: குறைவாக நிரப்பிக் கிளம்பு, மிச்ச எடைக்குச் சரக்கு ஏற்று, மேலே போய் வாங்கிக்கொள். சரக்குக் கோடு ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது, அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அசையவில்லை. எரிபொருள் நீங்கலான எடைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, இறக்கை உடலோடு சேருமிடம் தாங்குவதைப் பொறுத்தது, வானில் ஊற்றுவதால் அது நகராது. தூரம்தான் கூடும். மேலதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு அறிக்கையில் "சரக்கு இரட்டிப்பு" என்ற தலைப்பை அடித்து நீக்கினார்.

ஊதாக்கோடு:
வால்காற்று, பழியைப் புயல்மேல் மட்டும் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வல்கன் வழக்கமான உச்ச எடையைத் தாண்டிக் கிளம்பியது, நினைத்ததைவிட அதிகம் குடித்தது, விக்டருக்கும் அதற்கும் தோதான உயரமும் வேறு வேறு. நான் போட்டது கேசி-135 டேங்கருக்கு, 2,400 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொடுக்க 68 டன் என்று அமெரிக்க விமானப்படை சொல்லும் புள்ளி என் கோட்டில் வந்து உட்கார்ந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதிதாகப் போடுகிறவர்கள் கேளுங்கள். எடையையும் எரிபொருளையும் வைத்து எவ்வளவு தூரம் பறக்கலாம் என்று சொல்லும் பிரெகே சூத்திரத்தை முழுப் பயணத்துக்கும் ஒரே தடவை போடாதீர்கள், டேங்கரோடு நடக்கும் ஒவ்வொரு சந்திப்புக்கும் எடையை மாற்றித் தனித்தனியாகப் போடுங்கள். குழாயில் ஊற்றும் நிமிடங்களிலும் இரண்டு விமானமும் எரித்துக்கொண்டுதான் இருக்கும், சேருங்கள். டேங்கர் மாற்றுத் தளத்துக்குப் போகத் தேவையானதை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் "கொடுக்கலாம்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும், ப்ரோப் சிக்காமல் போனால் வாங்க வந்தவன் எங்கே இறங்குவான் என்று கேளுங்கள், பதில் கடல் என்றால் சந்திப்பை முன்னால் நகர்த்துங்கள்.