பிரேக் பெடல் எப்பவும் 1023 காட்டுது, முழுசா மிதிச்சா யூஎஸ்பி கழண்டுக்குது

பழங்காநத்தம்_பெடல்:
வீட்டு ஆர்கேட் கேபினட். ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் மூணுக்கும் 10கே பாட் (பொட்டென்ஷியோமீட்டர், தண்டைச் சுத்தினா வோல்ட்டேஜ் மாத்துற மூணு கால் பாகம்). போர்டு புரோ மைக்ரோ (பாட் வோல்ட்டேஜை 0ல இருந்து 1023 வரைக்கும் எண்ணாக்கி யூஎஸ்பியில அனுப்புற குட்டி போர்டு), கம்ப்யூட்டர்ல மேம் (பழைய ஆர்கேட் கேம் ஓட்டுற சாஃப்ட்வேர்). பாட் எல்லாம் டவுன்ஹால் ரோட்டுல வாங்கினது. பெடல் சுமார் 40 டிகிரி இறங்கும்.

ஆக்ஸிலரேட்டர் விட்டா 40, முழுசா மிதிச்சா 180, அதுக்கு மேல ஏறல. பிரேக் மிதிச்சாலும் விட்டாலும் 1023. அடிவரைக்கும் மிதிச்சா கம்ப்யூட்டர் டொய்ங்னு சத்தம் போட்டு போர்டையே விட்டுருது. ஸ்டியரிங்கைத் தொடாம வச்சாலும் 15, 20 புள்ளி ஆடுது. வெறுங்கால்ல பெடல் தகட்டை மிதிச்சா சுருசுருங்குது. எங்க ஆரம்பிக்கிறது?

திருநகர்_சால்டர்:
முதல்ல யூஎஸ்பியைப் பிடுங்குங்க. பிரேக்ல நடுக்காலுக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கீங்க, சிக்னலை ஓரக்கால்ல எடுத்திருக்கீங்க.

ஓரத்துக் கால் ரெண்டும் கார்பன் பட்டையோட ரெண்டு முனை. நடுக்கால் அது மேல ஓடுற வைப்பர். போர்டோட அனலாக் பின் (அளவு எடுக்கிற கால்) கரண்டே இழுக்காத மாதிரிதான், அதனால வைப்பர்ல கொடுத்த 5 வோல்ட் குறையாம ஓரத்துக்கு வந்து 1023 ஆயிடுது. அடிவரைக்கும் மிதிக்கும்போது வைப்பர் கிரவுண்ட் முனையைத் தொடுது. அப்ப 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேரா ஷார்ட். கம்ப்யூட்டர் அந்த யூஎஸ்பி போர்ட்டை அணைச்சுத் தன்னைக் காப்பாத்திக்குது.

ஒரு ஓரம் விசிசி (போர்டோட 5 வோல்ட்), மறு ஓரம் ஜிஎன்டி (கிரவுண்ட்), நடு ஏ1 (அனலாக் பின்). ஓரம் ரெண்டும் இடம் மாறினா அளவு தலைகீழா வரும், அவ்வளவுதான், எதுவும் கருகாது. ஆனா அந்தப் பழைய பாட்டைத் தூக்கிப் போட்டுருங்க. கிரவுண்ட் முனைப் பக்கம் கார்பன் தீய்ஞ்சிருக்கும், அந்த இடத்துல அளவு குதிக்கும்.

புதுசு வாங்கும்போது "வால்யூம் கண்ட்ரோல்"னு கேட்காதீங்க, ஏ10கே எடுத்துக் கொடுத்திருவாங்க. அது லாக், அதாவது அளவு சமமா ஏறாது. பெடல் பாதி வரைக்கும் ஒண்ணுமே நகராத மாதிரி இருந்து அப்புறம் பாயும். நமக்கு வேண்டியது பி10கே, அதாவது சமமா ஏறுற லீனியர். சந்தேகம்னா தண்டை நட்ட நடுவுல நிறுத்தி, நடுக்காலுக்கும் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஓம் பாருங்க. ரெண்டு பக்கமும் 5கே கிட்ட வந்தா லீனியர்.

இன்னொண்ணு, பாட்டுக்கு 5 வோல்ட் போர்டோட விசிசியில இருந்து மட்டும்தான். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) இருந்து தனியா இழுத்தா, போர்டு தன்னோட 5 வோல்ட்டை வச்சு அளக்கும், பாட் வேற 5 வோல்ட்ல நிக்கும். ரெண்டும் கொஞ்சம் விலகினாலே எல்லா அளவும் நகரும்.

ஆக்ஸிலரேட்டர் பழுதே இல்ல. பாட் சுமார் 300 டிகிரி சுத்தினாத்தான் 1023. 40 டிகிரிக்கு 136 தான் வரணும், உங்களுக்கு 140 வருது. போர்டுல ஏத்துற புரோகிராம் கோடுல 45ஐ 0, 175ஐ 1023னு மேப் (ஒரு அளவை இன்னொரு அளவா நீட்டுற கட்டளை) பண்ணுங்க. மேப் எல்லையை வெட்டாது, அதனால கன்ஸ்ட்ரெய்னும் (எல்லையைத் தாண்டினதை வெட்டுற கட்டளை) போடணும். இல்லாட்டி பெடலை விட்டதும் மைனஸ் போகும். 130 படி ஆக்ஸிலரேட்டருக்குத் தாராளம். பிரேக்ல இன்னும் நுணுக்கம் வேணும்னா பழைய பிரிண்டர்ல கழட்டின பல்சக்கரம் போதும்: பெடல்ல 60 பல், பாட்ல 15 பல், 160 டிகிரி கிடைச்சிரும்.

வைகைக்கரை_வயர்மேன்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா சுருசுருப்பை விட்டுட்டாரு. அதுதான் அவசரம். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர்ல இருக்கிற கெபாசிட்டர் வழியா, எர்த் இல்லாத கேஸ் மேல 100 வோல்ட்டுக்கு மேலேயே மிதக்கும். கரண்ட் கொஞ்சம்தான், ஆனா வெறுங்கால்ல மிதிக்கிற பெடலுக்கு அது வேண்டாம். அளவு ஆடுறதுல பாதி இதாலதான் இருக்கும்.

பிளக் பாயிண்ட்ல மீட்டரை ஏசியில வச்சு ஃபேஸ்–எர்த் பாருங்க. 230 கிட்ட வரணும். நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எர்த் சரியானதும் ரெண்டு பெடல் தகட்டையும் பச்சை வயர்ல கம்ப்யூட்டர் கேஸ் ஸ்குரூவோட சேருங்க. சாக்கெட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நியூட்ரல் எங்கயாவது அறுந்தா பெடல்ல முழு 230 நிக்கும்.

மிச்ச ஆட்டத்துக்கு, போர்டு பக்கத்துல அனலாக் பின்னுக்கும் ஜிஎன்டிக்கும் நடுவுல 104 கெபாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்) ஒண்ணு, கோடுல 8 ரீடிங் சராசரி. பாட் வயர் மூணையும் பின்னி, 230 வயரை விட்டு விலக்கி ஓட்டுங்க.

பழங்காநத்தம்_பெடல்:
பிரேக் சரியாயிருச்சுண்ணே, நடுக்கால்தான். ஃபேஸ்–எர்த் 110 காட்டுது. மேம்ல ஆக்ஸிலரேட்டர் பாதி மிதிச்ச அப்புறம்தான் கார் நகருது.

வைகைக்கரை_வயர்மேன்:
110ன்னா எர்த் கம்பி எங்கயோ விட்டிருக்கு. வயர்மேனைக் கூப்பிட்டு வீட்டு சுவிட்ச் போர்டுல இருந்து எர்த் குழி வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க. சித்திரை வெயில்ல குழி காஞ்சு கிடந்தா தண்ணியும் ஊத்தணும். அது வரைக்கும் செருப்புப் போட்டு விளையாடுங்க.

திருநகர்_சால்டர்:
மேம்ல அந்த பெடலுக்கு அரை அச்சு (ஆக்ஸிஸோட நடுவுல இருந்து ஒரு முனை வரைக்கும் மட்டும்) பதிவாகியிருக்கு. டேப் அழுத்தி இன்புட் மெனுவுல அதை அழிச்சுட்டு முழு அச்சா மறுபடி கொடுங்க. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனி அச்சுல இருக்கணும், ஒரே அச்சுன்னா ரெண்டையும் சேர்த்து மிதிக்கும்போது ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்.

பெடல் நிக்கிற இடத்துல போல்ட் ஒண்ணு வைங்க. பாட்டோட உள் முட்டு கால் பலத்தைத் தாங்காது, சீக்கிரமே உடையும். ஸ்பிரிங்குக்கு பைக் சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங் பிரேக்குக்குச் சரியா இருக்கும், ஆக்ஸிலரேட்டருக்கு சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். புரோ மைக்ரோவோட யூஎஸ்பி சாக்கெட் லேசா இழுத்தாலே பெயர்ந்து வந்துரும், கேபிளைப் பலகையில டை போட்டுக் கட்டிருங்க.